கை கழுவச் சொன்ன வைத்தியர்

நம் வீட்டுப் பெண்களைப் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது, தாயும் சேயுமாய்ச் சுகமே திரும்பி வருவார்கள் என்று நம்பி அனுப்புகிறோம். 1840-களில் ஐரோப்பாவின் பெரிய நகரங்களில் இந்த நம்பிக்கை இருந்ததில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலைவிடத் தெருவோரமே மேல் என்று ஏழைத் தாய்மார் எண்ணிய காலம் அது. அந்த அவலம் நீங்க வழி கண்டவரின் சரித்திரத்தைக் கேளுங்கள்.

இன்னாசி செம்மல்வைஸ் 1818-ஆம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி ஹங்கேரியிலுள்ள பூடா நகரில் ஒரு மளிகை வியாபாரியின் மகனாய்ப் பிறந்தார். கத்தோலிக்கக் குடும்பம், நம் பங்குகளில் இன்றும் பிள்ளைகளுக்கு இடுகிற அதே பெயர்தான் அவருக்கும் இடப்பட்டது. சட்டம் படிக்க வியன்னாவுக்குப் போனவர், மனம் மாறி வைத்தியம் பயின்று 1844-ல் பட்டம் பெற்றார். 1846-ல் வியன்னா பொது ஆஸ்பத்திரியின் முதலாம் பிரசவப் பகுதியில் உதவி வைத்தியரானார்.

அங்கே பிரசவப் பகுதிகள் இரண்டு. முதலாவதில் வைத்திய மாணாக்கர் பயின்றனர். இரண்டாவதில் மருத்துவச்சிகள் பயின்றனர். 1846-ல் முதற் பகுதியில் 4,010 பிரசவங்களில் 459 தாய்மார் மரித்தனர். இரண்டாம் பகுதியிலோ 3,754 பிரசவங்களில் மரித்தவர் 105 பேர்தான். கொன்றது பிரசவ ஜுரம். ஊரெல்லாம் இதை அறிந்திருந்தது. முதற் பகுதியில் தங்களைச் சேர்க்க வேண்டாமென்று கர்ப்பிணிகள் முழந்தாளிட்டு மன்றாடினார்கள். வழியிலேயே பிள்ளை பெற்று வந்தவர்களுக்கு அந்த ஜுரம் அபூர்வமாகவே கண்டது.

காற்றின் கேடு என்றார்கள் சிலர். இரு பகுதிகளுக்கும் காற்று ஒன்றுதானே? நெருக்கடி என்றார்கள் வேறு சிலர்; நெருக்கடி அதிகமாயிருந்ததோ இரண்டாம் பகுதியில். செம்மல்வைஸ் எந்தக் காரணத்தையும் அலட்சியம் பண்ணாமல் ஒவ்வொன்றாகச் சோதித்தார். மரண அவஸ்தையிலிருந்தவர்களுக்குத் தேவதிரவிய அனுமானங்களைக் கொண்டுவந்த குருவானவர், முதற் பகுதியில் பல அறைகளைக் கடந்து, மணியொலி முன்செல்ல நடந்துபோக வேண்டியிருந்தது. அம்மணியோசை கேட்ட தாய்மார் அச்சத்தினால் ஜுரங் கண்டார்களோ என்று ஐயுற்று, மணியடியாமல் வேறு வழியாய் வரும்படி அவரைக் கேட்டுக்கொண்டார். அவரும் இசைந்தார். ஆயினும் சாவு குறையவில்லை. பிரசவத்தில் தாயைப் படுக்க வைக்கும் விதத்தை மாற்றியும் பார்த்தார். அதிலும் பயனில்லை.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர் கொல்லெட்ஷ்கா என்னும் பேராசிரியர் மரித்தார். பிரேதப் பரிசோதனையின்போது மாணாக்கன் ஒருவனின் கத்தி அவர் விரலில் பட்டதே காரணம். அவர் உடலைச் சோதித்த குறிப்பை வாசித்த செம்மல்வைஸ் திடுக்கிட்டார். ஜுரத்தால் மரித்த தாய்மாரின் உடலில் கண்ட அடையாளங்களே அதிலும் இருந்தன! அப்போதுதான் உண்மை புலப்பட்டது. வைத்தியரும் மாணாக்கரும் காலையில் பிரேதங்களை அறுத்துப் பார்த்துவிட்டு, நேரே வந்து தாய்மாரைப் பரிசோதித்தார்கள். பிரேதத்தின் நச்சு அவர்கள் கைகளிலேயே வந்தது. மருத்துவச்சிகள் பிரேத அறைக்குப் போவதில்லை. ஆகவே அவர்கள் பகுதியில் சாவு குறைவு.

குற்றவாளிகள் யார்? குணமாக்க வந்த கைகளே! அவற்றில் தம்முடைய கைகளும் சேர்ந்தவை என்பதை அவர் மறைக்கவில்லை. தம்மால் அகால மரணமடைந்தோர் எத்தனை பேரென்பது கடவுளுக்கே வெளிச்சம் என்ற கருத்தைப் பின்னாளில் தம் நூலிலேயே எழுதிவைத்தார்.

1847 மே மாத நடுவில், குளோரின் சேர்ந்த நீரில் கை கழுவாமல் ஒருவரும் தாய்மாரைத் தொடலாகாது என்று கட்டளையிட்டார். நாம் பிளீச்சிங் பவுடர் என்று சொல்லும் குளோரின் சுண்ணாம்பையே பின்னர் அதற்குப் பயன்படுத்தினார்கள். ஏப்ரலில் 312 பேரில் 57 பேர் மரித்திருந்தனர். ஜூலையில் 250 பேரில் மூவர் மட்டுமே. அக்டோபரில், சீழ் வடியும் புற்றுநோயுள்ள ஒருத்தியைப் பரிசோதித்த கைகளால், அவளையடுத்துப் படுத்திருந்த பலருக்கு ஜுரம் பரவிற்று. அதுமுதல் ஒவ்வொரு நோயாளிக்கும் இடையிலும் கை கழுவச் செய்தார். 1848-ல் இரண்டு மாதங்களில் ஒரு தாய்கூடச் சாகவில்லை.

உலகம் அவரைக் கொண்டாடியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? தங்கள் கைகளே மரணத்தைச் சுமந்தன என்பதைப் பெரிய வைத்தியர் பலர் ஏற்க மறுத்தனர். அவரும் தம் ஆராய்ச்சியை உடனே எழுதி வெளியிடவில்லை; நூல் வர 1861 ஆயிற்று. மறுத்தவர்களைக் கொலைகாரரென்று கடிந்து பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். அதனால் பகையே வளர்ந்தது. 1849-ல் பதவி நீடிக்கப்படாமற் போகவே, பெஸ்ட் நகருக்குத் திரும்பி, அர்ச். ரோக்கு பெயரால் விளங்கிய ஆஸ்பத்திரியில் ஊதியமின்றி உழைத்தார். ஆறாண்டுகளில் அங்கே 933 பிரசவங்கள். ஜுரத்தால் மரித்தவர் எண்மர் மட்டுமே.

1865-ல் அவருக்குப் புத்தி பேதலித்தது. வியன்னாவிலிருந்த ஒரு மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டு, இரண்டே வாரத்தில், ஆகஸ்டு 13-ந் தேதி, காயத்தில் ஏறிய விஷம் இரத்தத்தில் பரவி மரித்தார். வயது 47. எந்தக் கேட்டினின்று தாய்மாரைக் காத்தாரோ, அதே விதமான கேடு அவரைக் கொண்டுபோயிற்று. பின்னர் பாஸ்டரும் லிஸ்டரும் கிருமிகளைப்பற்றி நிரூபித்தபோது, அவர் சொன்னது மெய்யென்று உலகம் கண்டது. 1969 முதல் புடாபெஸ்ட் வைத்தியப் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்குகிறது. 2009 முதல் உலக சுகாதார ஸ்தாபனம் மே 5-ந் தேதியைக் கை சுத்தத்தின் நாளாக அனுசரித்து வருகிறது.

வாசகரே, ஆஸ்பத்திரிகள் திருந்துவது எப்படியென்று இச்சரித்திரம் காட்டுகிறது. மரித்தவர்களை மறைக்காமல் எண்ண வேண்டும். ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். ஒன்றை மாற்றி, மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் கையே தவறியிருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளும் தாழ்ச்சி வேண்டும். அது இல்லாத இடத்தில் கணக்கும் பயன்படாது.

நீங்களும் இதில் பங்காளிகள். நோயாளியைப் பார்க்கப் போகும்போது, தொடுமுன்னும் தொட்டபின்னும் கை கழுவுங்கள். பிரசவித்த வீட்டில் பச்சிளங் குழந்தையை ஏந்துமுன் கழுவுங்கள். நர்சம்மாள் நினைவூட்டினால் முகஞ் சுளிக்காதீர்கள். வைத்தியரிடம், ஐயா, கை கழுவினீர்களா என்று பணிவாய்க் கேட்பதும் மரியாதைக் குறைவன்று. அந்த ஒரு கேள்வியைக் கேட்க முடியாமல் வியன்னாவில் எத்தனையோ தாய்மார் மாண்டு போனார்கள்.