பழைய விண்டோஸ் போடும்போது எட்டிப் பார்க்கும் ‘பயாஸ்’... அதைத் தந்த கேரி கில்டால் யார்?

திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் ஒரு சின்னப் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். அங்கே இருக்கும் மெஷினின் சாஃப்ட்வேர் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. செகண்ட் ஹேண்டில் வேறொன்று வாங்கி எக்ஸ்பி சிடியைப் போட்டால், பாதியிலேயே நீலத் திரை. சர்வீஸ் செய்ய வருபவர் சிடியைத் தொடவே மாட்டார். ரீஸ்டார்ட் செய்து டெலிட் கீயைத் தட்டி, ‘பயாஸ்’ உள்ளே போய் ஏதோ ஒரு ஆப்ஷனை மாற்றுவார். அவ்வளவுதான், எக்ஸ்பி ஏறிவிடும்.

அந்த ‘பயாஸ்’ என்ற பெயரும் யோசனையும் கேரி கில்டால் கொடுத்தவை. ஆனால் கம்ப்யூட்டர் வரலாறு படித்தவர்களில் பலருக்கும் அவரை, விமானம் ஓட்டப்போய் ஐபிஎம் ஒப்பந்தத்தைக் கோட்டைவிட்டவர் என்று மட்டும்தான் தெரியும். அது நியாயமே இல்லை.

1942 மே 19-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் பிறந்தவர் கில்டால். குடும்பமே கப்பல் மாலுமிகளுக்கு வழியறியும் கலையைச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி நடத்தியது. அவரும் அங்கே பாடம் எடுத்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் படித்து, 1972-ல் முனைவர் பட்டம் வாங்கினார். கலிஃபோர்னியாவின் மான்டெரேவில் கடற்படை முதுகலைக் கல்லூரியில் ஆசிரியர் வேலை. அப்போதுதான் இன்டெல்லின் குட்டி சிப்கள் சந்தைக்கு வந்திருந்தன. அதை வைத்து ஒரு முழு கம்ப்யூட்டரே செய்யலாம் என்று அவருக்குத் தோன்றியது.

1974-ல் ஃப்ளாப்பி டிஸ்க்கைக் கையாளும் ‘சிபி/எம்’ என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதி முடித்தார். இன்டெல் அதில் ஆர்வம் காட்டவில்லை. சரி, நாமே விற்போம் என்று மனைவி டொரத்தியோடு சேர்ந்து கம்பெனி தொடங்கினார். பெயர், இன்டர்கேலக்டிக் டிஜிட்டல் ரிசர்ச். பெயரில் அண்டமே இருந்தாலும், ஆரம்பத்தில் ஆபீஸ் வீட்டில்தான்!

பிரச்சினை எங்கே வந்தது? ஒவ்வொரு கம்பெனியின் மெஷினும் ஒவ்வொரு விதம். டிஸ்க், கீபோர்டு, திரை எல்லாமே வேறு. ஒவ்வொன்றுக்கும் சிபி/எம்-ஐ மாற்றி எழுதி மாளவில்லை. அதனால் வன்பொருளோடு நேரடியாகப் பேசும் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து, அதற்கு ‘பயாஸ்’ என்று பெயர் வைத்தார். இனி புது மெஷின் வந்தால் அந்தச் சின்னத் துண்டை மட்டும் மாற்றினால் போதும், மற்றதெல்லாம் அப்படியே ஓடும்.

திருமழிசைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஆழ்வார் காஞ்சியைவிட்டுக் கிளம்பியதும் பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போன கதை உண்டு இல்லையா? சிபி/எம்-மும் அப்படித்தான். எந்த மெஷினுக்குக் கூப்பிட்டாலும் வந்தது. படுக்கையை விரித்துத் தரும் வேலை மட்டும் பயாஸுடையது.

1970-களின் கடைசியில் சின்ன கம்ப்யூட்டர்களின் பொதுமொழியே சிபி/எம்தான். 1980-ல் ஐபிஎம் வீடு தேடி வந்தது. அன்று கில்டால் தன் விமானத்தில் ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போயிருந்தார். ஐபிஎம் நீட்டிய ரகசிய ஒப்பந்தத்தில் டொரத்தி உடனே கையெழுத்துப் போடவில்லை. கில்டால் திரும்பி வந்த பிறகு என்ன நடந்தது என்பதில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். முடிவு மட்டும் எல்லோருக்கும் தெரியும். சிபி/எம்-ஐப் பார்த்து டிம் பேட்டர்சன் எழுதியிருந்த சிஸ்டத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கி ஐபிஎம்-முக்குக் கொடுத்தது. 1981 ஆகஸ்ட் 12-ல் ஐபிஎம் பிசி அறிமுகமானது. கில்டாலின் சிபி/எம்-86-ஐயும் ஐபிஎம் விற்கத்தான் செய்தது. ஆனால் விலை 240 டாலர். மைக்ரோசாஃப்ட் டாஸ் 40 டாலர். எது விற்கும் என்று ரங்கநாதன் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இதில் ஒரு வேடிக்கை, தோற்றவரின் ‘பயாஸ்’ என்ற பெயர் ஜெயித்த மெஷினின் சிப்பிலேயே போய் உட்கார்ந்துவிட்டது.

கில்டால் 1991-ல் கம்பெனியை நாவெல்லுக்கு விற்றார். கம்ப்யூட்டர் பற்றிய டிவி நிகழ்ச்சியையும் பல வருடம் தொகுத்து வழங்கினார். மான்டெரேவில் ஒரு மதுக்கூடத்தில் தலையில் அடிபட்ட சில நாட்களில், 1994 ஜூலை 11-ல் இறந்தார். வயது 52தான்.

அவர் பிரித்துவைத்த அந்த அடுக்கு இப்போது மாறிவிட்டது. புதிய கம்ப்யூட்டர்களில் இருப்பது ‘யூஇஎஃப்ஐ’. பழைய விண்டோஸ் முரண்டு பிடிக்க இதுவே முக்கியக் காரணம். எக்ஸ்பியில் நீலத் திரை வந்தால், பயாஸில் சாட்டா மோடை ‘ஏஹெச்சிஐ’-யிலிருந்து ‘ஐடிஇ’-க்கு மாற்றிப் பாருங்கள். விண்டோஸ் 7 என்றால், செக்யூர் பூட்டை ஆஃப் செய்து ‘சிஎஸ்எம்’-ஐ ஆன் செய்ய வேண்டியிருக்கும். யூஎஸ்பி 3.0 டிரைவரை இன்ஸ்டால் செய்யும் பென் டிரைவிலேயே சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் கீபோர்டு, மவுஸ் இரண்டும் அசையாது. சிஎஸ்எம்-மே இல்லாத மெஷின் என்றால் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகர் கம்ப்யூட்டருக்குள் போடலாம். ஆனால் உள்ளே செருகும் கார்டு வழியாகப் பட்டறை மெஷினோடு பேச வேண்டிய சாஃப்ட்வேருக்கு அது பெரும்பாலும் சரிவராது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் அந்தக் காலத்து மதர்போர்டைத் தேட வேண்டியதுதான்.

ஆரம்பிக்கும் முன் டேட்டாவை பேக்கப் எடுத்துவிடுங்கள். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. அதனால் வேலை முடிந்ததும் அந்த கம்ப்யூட்டரில் இருந்து நெட் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.