ஆலைத் தொழிலாளியின் மகன் அபே

எட்டு மணி நேர வேலை முடிந்து சங்கு ஊதியதும் வீட்டுக்குக் கிளம்பும் உரிமைக்காகப் பல நாடுகளில் தொழிலாளர்கள் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. ஜெர்மனியில் யேனா நகரத்துக் கார்ல் ஜெய்ஸ் தொழிற்சாலையில் அந்த உரிமை 1900-ம் ஆண்டிலேயே கிடைத்தது. அதைக் கொடுத்தவர் ஒரு விஞ்ஞானி. மைக்ராஸ்கோப் எனப்படும் உருப்பெருக்கியைக் கைப்பழக்கத்திலிருந்து கணக்குக்குக் கொண்டுவந்த எர்னஸ்ட் அபேதான் அவர்.

1840 ஜனவரி 23-ந் தேதி ஐஸனாக் நகரில் பிறந்தார் அபே. தந்தை நூற்பாலைத் தொழிலாளி. நாளொன்றுக்கு 14 மணி முதல் 16 மணி நேரம் வரை நின்றபடியே வேலை. சாப்பாட்டுக்கென்று ஓய்வு கிடையாது. சிறுவன் எர்னஸ்ட் மதியச் சாப்பாடு எடுத்துச் செல்வான். தந்தை இயந்திரத்தில் சாய்ந்தபடி அவசரமாக உண்டுவிட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பார். நல்ல உடற்கட்டு உள்ள அந்த மனிதர் 48 வயதிலேயே கிழவரைப் போலாகிவிட்டார். மகன் இதைக் கடைசி வரை மறக்கவில்லை.

தந்தை வேலை பார்த்த ஆலையின் முதலாளி செய்த பண உதவியால் அபே உயர்ந்த படிப்புப் படித்தார். 1861-ல் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1863 முதல் யேனா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்.

அதே ஊரில் கார்ல் ஜெய்ஸ் என்பவர் உருப்பெருக்கிப் பட்டறை நடத்தி வந்தார். அந்தக் காலத்தில் லென்ஸ் செய்வது குத்துமதிப்பான வேலை. தேய்த்துப் பார்ப்பார்கள், சரிவராவிட்டால் மாற்றிப் போடுவார்கள். கணக்குப் போட்டு லென்ஸ் செய்ய முடியாதா என்று 1866-ல் அபேயின் உதவியை நாடினார் ஜெய்ஸ்.

முதலில் கணக்குப்படி செய்த லென்ஸ்கள் பழைய லென்ஸ்களை விட மங்கலாகவே காட்டின. ஒளிக்கதிர்கள் நுழையும் வாயைக் குறுக்கியதுதான் காரணம் என்று அபே கண்டறிந்தார். வாய் அகலமாக இருந்தால்தான் நுண்ணிய விவரம் தெரியும். 1872-ல் ஜெய்ஸ் பட்டறையின் உருப்பெருக்கி லென்ஸ்கள் அனைத்தும் கணக்குப்படியே செய்யப்பட்டன.

1873-ல் அபே இரண்டு முடிவுகளை வெளியிட்டார். ஒளி அலையாகச் செல்வதால், ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 5,000-ல் ஒரு பங்குக்கும் குறைந்த இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைச் சாதாரண உருப்பெருக்கி பிரித்துக் காட்டாது என்பது ஒன்று. மற்றொன்று 'ஸைன்' விதி. பள்ளியில் திரிகோணமிதியில் படித்த அதே ஸைன்தான். கதிர்கள் எந்தச் சாய்வில் நுழைந்து எந்தச் சாய்வில் வெளியேறினால் நடுப்புள்ளியோடு சுற்றியுள்ள புள்ளிகளும் தெளிவாகத் தெரியும் என்று அது சொல்கிறது.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. இந்த விதிப்படி செய்த லென்ஸ் ஒரே தளத்தைத்தான் துல்லியமாகக் காட்டும். அதற்கு மேலோ கீழோ பார்க்க வேண்டுமானால் திருகைத் திருப்பி, லென்ஸையோ பொருள் வைத்த மேடையையோ நகர்த்தித்தான் ஆகவேண்டும்.

1876-ல் அபே ஜெய்ஸின் பங்காளியானார். 1884-ல் ஓட்டோ ஷாட் என்ற ரசாயன நிபுணரோடு சேர்ந்து புதுவகைக் கண்ணாடி ஆலை அமைத்தனர். செல்வம் குவிந்தது. ஆனால் கார்ல் ஜெய்ஸ் இறந்த மறு ஆண்டு, 1889-ல், அபே ஓர் அறக்கட்டளை நிறுவினார். 1891-ல் தம் பங்குகளை அதற்கே கொடுத்துவிட்டார். 1896-ல் அவர் எழுதிய விதிகளில் ஓய்வூதியம், சம்பளத்தோடு விடுமுறை எல்லாம் இருந்தன. நிர்வாகியின் சம்பளம் தொழிலாளியின் சராசரிச் சம்பளத்தைப் போல் பத்து மடங்குக்கு மேல் போகக் கூடாது. உத்தியோகம் கொடுக்கும்போது பிறப்பு, மதம், கட்சி எதையும் பார்க்கக் கூடாது.

எட்டு மணி நேரத் திட்டத்தையும் அவர் கணக்குப் போட்டே நிலைநாட்டினார். ஒன்பது மணி நேரமாக இருந்த வேலையைக் குறைத்த பிறகு, 233 தொழிலாளர்களின் கணக்கை ஒப்பிட்டார். எட்டு மணியில் அவர்கள் செய்த வேலை முன்னைவிடச் சற்று அதிகமாகவே இருந்தது!

1905 ஜனவரி 14-ந் தேதி அபே காலமானார்.

அவருடைய விதி இன்றும் பயன்படுகிறது. உயிருள்ள திசுவை ஆராயும்போது மேடையை நகர்த்தினால் பொருள் ஆடிவிடும். கனமான லென்ஸை வேகமாக நகர்த்தவும் இயலாது. நரம்புச் செல்லின் சைகையோ ஒரு விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்தில் மறைந்துவிடும். இதற்கு 2007-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஒரு வழி சொன்னார்கள். முதல் லென்ஸிலிருந்து வரும் ஒளியை, ஸைன் விதிப்படியே செய்த இரண்டாவது லென்ஸுக்குள் எதிர்த்திசையில் செலுத்தினார்கள். ஒன்றின் பிழையை மற்றொன்று நேர் செய்துவிடும். இரண்டாவது லென்ஸின் முன்னால் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஒரு சிறு கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்தினால் போதும். பொருள் கொஞ்சமும் அசையாமல் அதன் வெவ்வேறு ஆழங்கள் தெளிவாகத் தெரியும்.

தொழிற்சாலையின் உரிமை இன்றும் அபே நிறுவிய அறக்கட்டளையிடமே இருக்கிறது.