உளிக்கு முன்னே கல் கோடாரி! ஊர் ஊராக கல் பொறுக்கிய பூட் துரை

செஞ்சி:
செஞ்சி- விழுப்புரம் சாலையில் உள்ள மண்டகப்பட்டு என்றதும் மகேந்திரவர்ம பல்லவனின் குகைக்கோவில்தான் ஞாபகத்துக்கு வரும். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் சேர்க்காமல் எடுத்த கோவில் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. ஆனாலும் பாறையைக் குடைய இரும்பு உளி வேண்டியிருந்தது.

அந்த இரும்பே இல்லாத காலத்தில் நம்ம பக்கத்து ஆட்கள் மரம் வெட்டியது எதை வைத்து? கல்லைக் கல்லில் தேய்த்துச் செய்த கோடாரியை வைத்துத்தான்! அந்த வழவழ கற்களை ரகம் பிரித்து, ஊர் பேரோடு எழுதி வைத்தவர் ராபர்ட் புரூஸ் பூட்.

1834-ல் இங்கிலாந்தில் பிறந்த இவர், 1858-ல் இந்திய நிலவியல் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். பாறைகளைப் பார்ப்பதுதான் சம்பள வேலை. ஆனால் 1863-ம் ஆண்டு மே 30-ந்தேதி சென்னை பல்லாவரத்தில் சரளைக்கல் குழியில் ஆதிமனிதனின் கற்கருவி ஒன்று சிக்கியது. அன்று பிடித்த 'கல் பைத்தியம்' சாகும்வரை விடவில்லை.

நாவலரின் துரைக்கு மருமகன்

இவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரை துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளை தமிழில் பெயர்த்தாரே, அவரேதான். கடைசி காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்த பெர்சிவல் 1882-ல் அங்கேயே இறந்தார். பூட்டும் பின்னாளில் ஏற்காட்டில் வீடு பிடித்தார்.

சேர்வராயன் மலை ஊர்களில் ஒரு வேடிக்கை. நிலத்தில் கிடைக்கும் பளபள கற்களை மக்கள் சும்மா வீசிவிடவில்லை. பிள்ளையார் கோவிலில் கொண்டுபோய் வைத்தார்கள். கும்பிட்டது சாமியாக இருந்தாலும், கல் பத்திரமாக இருந்ததே... அதுவே பெரிய புண்ணியம்.

ரகம் பிரித்தது எப்படி?

பல்லாவரத்துக் கல் வெறுமனே உடைத்துச் செய்தது. புதிய கற்கால கல் அப்படியல்ல. முதலில் பாறையை உடைக்கணும். பிறகு சில்லு சில்லாகச் செதுக்கணும். அடுத்து கொத்தி மேடு தட்டணும். கடைசியாக தண்ணீர் விட்டு நாள் கணக்கில் தேய்க்கணும். கை ஓய்ந்து போகும் வேலை இது.

வாய் இரண்டு பக்கமும் சமமாகச் சரிந்தால் கோடாரி. ஒரு பக்கம் மட்டும் சரிந்தால் தச்சர் கையில் இருக்கும் வாச்சி மாதிரி. ஒடுங்கியிருந்தால் உளி. அரைக்கும் கல், சுத்தியல் கல், ஓட்டை போட்ட வளையக்கல் என்று தனித்தனி கணக்கு.

பெல்லாரி அருகே கப்கல் மலையில் பாதியில் நின்ற கற்கள் ஏராளம். அது ஒரு கற்காலப் பட்டறை! உடைந்த கல்லையும் பூட் ஒதுக்கவில்லை. தொழிலாளி எந்தக் கட்டத்தில் விட்டான் என்பதை அதுதானே சொல்லும்? கிடைத்த இடம் தெரியாவிட்டால் கோடாரியும் வெறும் கல்தான் என்பது அவர் கணக்கு.

அந்தப் பகுதி சாம்பல் மேடுகள் மாட்டுச்சாணம் எரிந்ததால் வந்தவை, கற்கால மாட்டுக்காரர்களுடையவை என்றும் அவர் சொன்னார். அது சரிதான் என்று பின்னாளில் அகழாய்வு செய்தவர்கள் காட்டினார்கள்.

1891-ல் ஓய்வு பெற்ற பிறகும் பரோடா, மைசூர் என்று அலைந்தார். 40 வருடம் சேர்த்த கற்களை 1904-ல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. அவற்றுக்கான விரிவான பட்டியலை உட்கார்ந்து எழுதினார். அச்சில் பார்க்க கொடுத்து வைக்கவில்லை. 1912-ம் ஆண்டு டிசம்பர் 29-ந்தேதி கல்கத்தாவில் இறந்தார். பட்டியல் 1914-லிலும், குறிப்புகள் 1916-லிலும் வெளிவந்தன.

ஏற்காடு ஹோலி டிரினிட்டி ஆலயத்தில் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது.