வள்ளல் பச்சையப்பர்

நம் பொன்னேரியைத் தொட்டுக்கொண்டு பழவேற்காட்டை நோக்கிச் செல்லும் ஆரணியாறு, இங்கு வருமுன் பெரியபாளையத்தைக் கடந்து வருகிறது. ஆடி மாதத்தில் அங்கே பவானி அம்மனைக் காணச் செல்வோர் பல்லாயிரவர். பச்சையப்ப முதலியார் சிறுவனாக வளர்ந்த ஊர் அது என்பதை அறிந்தவர் சிலரே. இளைஞரின் கல்வியை ஊரார் தாங்கினால் என்ன விளையும் என்பதற்கு அவர் வாழ்வை விடச் சிறந்த சான்று நம் வட்டாரத்தில் இல்லை என்பது என் எண்ணம்.

பச்சையப்பர் 1754ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் விசுவநாத முதலியார், மகன் முகத்தைக் காணாமலே மறைந்துவிட்டார். தாய் பூச்சியம்மாள் ஆதரவற்று நின்றார். குடும்ப நண்பரான ரெட்டிராயர் என்பவர் அவருக்குப் பெரியபாளையத்தில் நிழல் தந்தார். அந்த நிழலும் நீடிக்கவில்லை. ராயர் இறந்தபின், அந்தத் தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சென்னைக்குச் சென்றார்.

அங்கே பவுனி நாராயண பிள்ளை என்பவர் அக்குடும்பத்துக்குக் கைகொடுத்தார். இவர் பவுனி என்ற ஆங்கிலேயரிடம் துபாஷியாக இருந்தவர். இருமொழி அறிந்து வணிகத்தில் இடைநின்று பேசுபவரே அக்காலத்துத் துபாஷி. நாராயண பிள்ளை சிறுவனுக்குச் சோறும் துணியும் தந்ததோடு நிற்கவில்லை. எழுத்தும் கணக்கும் கற்பித்து, தம் தொழிலின் நெளிவு சுளிவுகளையும் பழக்கினார். இன்று நாம் வழிகாட்டுதல் என்று பெயரிட்டு அழைப்பதை அவர் பெயரின்றிச் செய்தார்.

இளமையிலேயே பச்சையப்பர் துபாஷியானார். தஞ்சைச் சீமை வரை அவருடைய கொடுக்கல் வாங்கல் பரவியது. பெரும் பொருள் சேர்ந்தது. கோயில்களுக்கும் அன்னதானத்துக்கும் வாரி வழங்கினார். 1794இல், நாற்பது வயதளவில், திருவையாற்றில் காலமானார். இறக்குமுன் தம் பொருளை அறப்பணிகளுக்கு எழுதி வைத்தார்.

அந்த உயிலில் அவர் கருதியவை கோயில் திருப்பணிகளும் தருமங்களுமே. அவர் மறைந்தபின் சொத்து வழக்கில் சிக்கி நெடுங்காலம் முடங்கிக் கிடந்தது. பிறகு அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் போன்றோர் முயன்று அதை மீட்டனர். இடைக்காலத்தில் வட்டி சேர்ந்து பணம் பெருகியிருந்தது. தருமங்களுக்குப் போக எஞ்சியதை இளைஞர் கல்விக்குச் செலவிட நீதிமன்றம் வழி செய்தது.

அதன் பயனாக 1842 சனவரி முதல் நாள் சென்னை பாப்ஹாம் பிராட்வேயில் பள்ளி பிறந்தது. 1850இல் ஏதென்சு நகரத்துக் கோயிலை ஒத்த தூண்களுடன் பச்சையப்பன் மண்டபம் எழுந்தது. 1889இல் பள்ளி முழுநிலைக் கல்லூரியாக உயர்ந்தது. கணித மேதை இராமானுசனும், பேரறிஞர் அண்ணாவும் அங்கே பயின்றவர்கள்.

ஒன்றை மட்டும் மறைத்தல் ஆகாது. அக்கல்லூரியின் கதவு தொடக்கத்தில் எல்லோருக்கும் திறக்கவில்லை. ஒடுக்கப்பட்ட வகுப்பு மாணவர்களை அது நெடுங்காலம் சேர்த்துக்கொள்ளவில்லை. 1947 வரை இந்துக்கள் அல்லாதாருக்கும் அங்கே இடமில்லை. பொதுமக்கள் கேட்டுப் போராடிய பின்னரே அறம் அகன்றது. ஒருவர் கொடுத்த பொருளை ஊர் முழுவதற்கும் உரியதாக்குவது பின்வருவோர் கடமை என்பதை இதிலிருந்து நான் உணர்கிறேன்.

இன்று பொன்னேரியிலேயே அரசு நமக்குக் கல்லூரி தந்திருக்கிறது. மீஞ்சூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் கடலோரக் குப்பங்களிலிருந்தும் வரும் நம்மில் பலர், தம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். கட்டடமும் ஆசிரியரும் கிடைத்துவிட்டனர். ஆயினும் எந்தப் படிப்பு எந்த வேலைக்கு வழி, எந்த விண்ணப்பத்தை எப்போது எழுதுவது என்று சொல்லித்தர வீட்டில் ஆளில்லாத பிள்ளைகள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் படிப்பை விட்டுத் தொழிற்சாலை வாயிலில் தினக்கூலிக்கு நிற்கிறார்கள்.

பச்சையப்பரைப்போல் இலட்சங்களைக் கொடுக்க நம்மால் இயலாது. நாராயண பிள்ளையாக இருக்க இயலும். மாலையில் ஒரு மணி நேரம், தெருவில் ஒரு பிள்ளை என்று நம்மில் ஒவ்வொருவரும் ஏற்றுக்கொண்டால் போதும். நண்பர்களே, இந்த விடுமுறையிலேயே தொடங்குவோம்.