குழலைப் பாட வைத்தவர்

முலுண்டில் என் அறையில் ஒரு மாதமாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. வாதி வயலின், பிரதிவாதி புல்லாங்குழல்.

1886இல் சீசர் ஃபிராங்க் வயலினுக்கும் பியானோவுக்கும் இயற்றிய சொனாட்டாவை, நம் மன்ற ஆண்டு விழாவில் குழலில் வாசிக்க நானும் பியானோ நண்பர் ஒருவரும் துணிந்தோம். வயலினின் அடித் தந்திச் சுரங்கள் பல என் மேல்நாட்டுக் குழலில் இல்லை. மேல் ஸ்தாயிக்கு ஏற்றினேன். இரு தந்திகள் ஒருங்கே ஒலிப்பதைக் குழல் ஒவ்வொன்றாகவே சொல்லும். வில்லுக்கு மூச்சிரைப்பதில்லை; எனக்கு இரைக்கிறது. பிறர் பொருளைச் சிதைக்கிறோமோ என்று மனம் சோர்ந்தபோது, கும்பகோணம் சரப சாஸ்திரியாரை நினைத்தேன்.

1872இல் பிறந்த அவர் இளமையிலேயே கண்ணொளி இழந்தவர். ஏட்டைப் பார்த்துக் கற்கும் வழி அவருக்கு இல்லை, செவியே ஏடு. அக்காலத்தில் குழலுக்குக் கச்சேரி மேடையில் தனியிடம் இல்லை. வாய்ப்பாட்டுக்கென்று பிறந்த கீர்த்தனங்களை அவர் மூங்கிலில் கொணர்ந்தார்.

இது எளிய செயலா? குரல் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும். குழலிலோ இருப்பவை துளைகள். துளையைப் பாதி மூடினால், உள்ளே அதிரும் காற்றுத் தம்பத்தின் நீளம் மாறியதுபோல் ஆகிச் சுரம் இறங்கும். விரலை மெல்ல உருட்டினால் கமகம் பிறக்கும். பௌதிகம் படிக்கும் நான் இதைச் சூத்திரத்தில் எழுதுவேன். சாஸ்திரியார் விரல் நுனியில் அறிந்திருந்தார்.

1904இல், முப்பத்திரண்டு வயதில் அவர் மறைந்தார். ஆனால் குழல் மேடையை விட்டு இறங்கவில்லை. அவர் மாணவர் பல்லடம் சஞ்சீவ ராவ் அதைப் பல்லாண்டு நிலைநிறுத்தினார். பின்னர் மாலி (1926–1986) தம் வழியில் குரலின் குழைவைக் குழலில் மேலும் நெருங்கினார்.

இவ்வாழ்விலிருந்து நான் கற்றது ஒன்று: குழல் குரலாக நடிக்க வேண்டியதில்லை, பாட்டின் உயிரைக் காத்தால் போதும். எனவே, வயலினின் ஒவ்வொரு சுரத்தையும் பிடித்து வைக்கும் ஆசையை விட்டேன். சொற்றொடர் முடியுமிடத்தில் மூச்சு வாங்கி, விட்ட சுரங்களில் இயன்றதைப் பியானோவிடம் ஒப்படைத்தேன். நேற்றுத்தான் முதன்முறையாக அது பாட்டாகக் கேட்டது.

வழக்கின் தீர்ப்பை விழாவன்று நீங்களே கூறுங்கள், நண்பர்களே!