பாம்புகளை வேறுபடுத்திக் காட்டிய வைத்தியர்: பற்றிக் றசல்

ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரைச் சேர்ந்த பற்றிக் றசல் ஒரு வைத்தியர். 1750 இல் சிரியாவின் அலெப்போ நகருக்குச் சென்று அங்கு பணியாற்றினார். 1760 முதல் 1762 வரை அந்நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது, நோயை உன்னிப்பாக அவதானித்துக் குறிப்புகள் எழுதினார். அவை 1791 இல் நூலாக வெளிவந்தன.

1781 இல் தம் சகோதரருடன் இந்தியாவின் விசாகபட்டினத்துக்கு வந்தார். 1785 இல் கிழக்கிந்தியக் கம்பனி அவரைக் கர்நாடகப் பிரதேசத்துக்கான இயற்கையியலாளராக நியமித்தது. பாம்புக்கடி அவரது கவனத்தைப் பெரிதும் ஈர்த்தது. நஞ்சற்ற பாம்பு கடித்துப் பிழைத்தவரும் மருந்தினாற் பிழைத்ததாகவே எண்ணப்பட்டார். எனவே மருந்தைச் சோதிப்பதற்கு முன் பாம்பை அறிய வேண்டியிருந்தது.

லின்னேயசு, வயிற்றுப் புறத்திலும் வாலின் கீழும் உள்ள செதில்களைக் கொண்டே பாம்புகளைச் சாதிகளாகப் பிரித்திருந்தார். இதனால் நாகமும் நஞ்சற்ற பல பாம்புகளும் கொலுபர் என்ற ஒரே சாதியில் அடங்கின. றசல் செதில்களை எண்ணுவதோடு நிற்கவில்லை. வாயைத் திறந்து நச்சுப்பற்கள் உள்ளனவா எனப் பார்த்தார். நாய்களையும் கோழிகளையும் கடிக்கச் செய்து நஞ்சின் விளைவுகளைப் பதிவு செய்தார்.

சோழமண்டலக் கரையின் பாம்புகள் பற்றிய அவரது நூல் 1796 இல் வர்ணப் படங்களுடன் வெளிவந்தது. அதில் பல பாம்புகளுக்கு அவர் உள்ளூர் மக்கள் வழங்கிய பெயர்களையே இட்டார். விஞ்ஞானப் பெயர்களைப் பிறர் சூட்டினர். பொன்னைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லில் அமைந்த ஒரு பெயரிலிருந்து, பிரான்சிய அறிஞர் டோடன் 1803 இல் புங்காரஸ் என்ற சாதிப்பெயரை உருவாக்கினார். கட்டுவிரியன்கள் இச்சாதியைச் சேர்ந்தவை. இலங்கைக்கே உரிய புங்காரஸ் சிலோனிகஸ் என்ற இனமும் இதில் அடங்கும்.

கண்ணாடி விரியனுக்கு 1797 இல் றசலின் பெயர் இனப்பெயராகச் சூட்டப்பட்டது. முதலில் கொலுபர் சாதியில் வைக்கப்பட்ட அப்பாம்பு இன்று டபோயா சாதியில் உள்ளது. சாதிப்பெயர் மாறியபோதும் றசலின் பெயர் மாறவில்லை. நம் வயல்வெளிகளிலும் காணப்படும் இப்பாம்பு இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. றசல் 1805 இல் இலண்டனிற் காலமானார்.

பயிற்சி வினாக்கள்
1. லின்னேயசின் பிரிப்பு பாம்புக்கடி வைத்தியத்துக்குப் போதாமைக்குக் காரணம் யாது?
2. றசல் நச்சுப்பாம்புகளை எவ்வாறு இனங்கண்டார்?
3. புங்காரஸ் என்ற சாதிப்பெயர் தோன்றியவாற்றை விளக்குக.