விலை கொடுத்து மீட்கப்பட்ட கவிஞர்: ஹுவான் பிரான்சிஸ்கோ மன்சானோ

ஸ்பானிய அமெரிக்காவில் அடிமையாக வாழ்ந்த ஒருவர், அடிமைநிலையில் இருக்கும்போதே தம் கைப்பட எழுதியதாக இன்று நமக்குக் கிடைக்கும் தன்வரலாறு ஒன்றே. அதனை எழுதியவர் கியூபாவின் கவிஞர் ஹுவான் பிரான்சிஸ்கோ மன்சானோ ஆவார்.

1797ஆம் ஆண்டளவில், செல்வச் சீமாட்டி ஒருவரின் இல்லத்தில் பணிப்பெண்ணாக இருந்த மரியா தெல் பிலாருக்கு மகனாகப் பிறந்தார். அச்சீமாட்டி அவரைத் தம் முதுமைக்கால மகவெனச் சீராட்டினார்; சிறுவனோ கேட்ட சமயச் சொற்பொழிவுகளை மனப்பாடமாக ஒப்புவித்து விருந்தினரை வியப்பில் ஆழ்த்தினான். ஆயினும் அவர் மறைந்தபின் சிறுவனின் நிலை தலைகீழாயிற்று. புதிய தலைவியின் வீட்டில், செடியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளியதற்கும் அடியும் சிறையும் கிடைத்தன.

பிறகு பணிசெய்த வீட்டில், தலைவர் எறிந்த தாள்களைப் பொறுக்கி, அவற்றின் மீதே எழுதி எழுதிப் பழகினார். அவரது கையெழுத்து தலைவரின் கையெழுத்தையே ஒத்திருந்தது. எழுத்து அவரது நிலைக்குத் தகாதென விலக்கப்பட்டும் அவர் விடவில்லை. 1821இல் அவரது கவிதை நூல் வெளிவந்தபோதும் அவர் அடிமையே.

ஹவானாவில் தொமிங்கோ தெல் மோந்தே என்பவர் நடத்திவந்த இலக்கிய வட்டம் அவரது திறனை உணர்ந்தது. 1835இல் தெல் மோந்தேயின் வேண்டுகோளுக்கிணங்கத் தம் வரலாற்றை எழுதினார். 1836இல் அவ்வட்டத்தார் முன்னிலையில் தம் முப்பது ஆண்டுத் துயரைக் கவிதையாகப் படித்தார்; அன்பர்கள் பொருள் திரட்டி அவரை மீட்டனர்.

இவ்வுதவி போற்றத்தக்கதே. எனினும், விடுதலையைத் தரவல்லவர் கேட்டபோது எழுதியவர், எதை எழுதுவது, எதை விடுவது எனப் பன்முறை எண்ணியிருப்பார் என்பதை மறத்தலாகாது. தம்மைக் கலப்பினத்தவர் என்றே கூறி, தோட்டத்துக் கறுப்பரினின்றும் பிரித்துக் காட்டிக்கொள்வதும் அந்நூலில் உண்டு. தாழ்த்தப்பட்டவரையும் தரம் பிரித்து வைப்பதே ஆதிக்கத்தின் இயல்பு. வாழ்வின் முக்கிய நிகழ்ச்சிகளைப் பின்னர்த் தாமே எழுதவிருக்கும் நாவலுக்கென ஒதுக்கியுள்ளதாகத் தெல் மோந்தேக்கு அவர் மடல் வரைந்திருந்தார். அந்நாவல் கிடைக்கவில்லை, தன்வரலாற்றின் இரண்டாம் பகுதியும் தொலைந்தது.

எஞ்சிய பகுதியின் எழுத்துப்பிழைகளை அன்செல்மோ சுவாரெஸ் திருத்தினார். அயர்லாந்து மருத்துவர் ரிச்சர்டு மேடன் 1840இல் லண்டனில் அதனை ஆங்கிலத்தில் வெளியிட்டார். நூலின் முகப்பில் மன்சானோவின் பெயர் இல்லை. ஸ்பானிய மூலம் ஹவானாவில் அச்சேறியது 1937இல்தான்.

1844இல், கலகச் சதி நடந்ததெனக் கூறி அரசு கறுப்பின மக்களைக் கொடுமையாக ஒடுக்கியது. ஏணியில் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்தமையால் அதற்கு ஏணிச் சதி என்றே பெயர் நிலைத்தது. கவிஞர் பிளாசிதோ சுட்டுக் கொல்லப்பட்டார். மன்சானோவும் ஓராண்டளவு சிறைப்பட்டார். வெளிவந்தபின், 1850களின் முற்பகுதியில் இறக்கும்வரை அவர் எதனையும் வெளியிடவில்லை. அடிமையாய்ப் பாடியவர், சிறையிலிருந்து மீண்டபின் வாய்மூடினார்.

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் நம் வட்டத்திற்கும் இவ்வாழ்வில் பாடமுண்டு. ஒடுக்கப்பட்ட குரலுக்கு மேடை தருதல் பெரும்பணி. அக்குரல் தான் விரும்பியதைச் சொல்லி முடிக்கும்வரை துணைநிற்றல் அதனினும் பெரும்பணி.